சீசனுக்கு விருந்தாளி வராத குடும்பம் தேவை

மாடி கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கே, மாடியை வாடகைக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் என் மதினி, என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா. வந்தோமா, பாலைக் குடித்தோமா, போனோமா என்றில்லாமல் மாடி ஹாலின் நடுவில் நின்று சுவருக்குச் சுவர் கண்ணால் அளந்தார். "தம்பி, இங்கன பதினஞ்சு பேரு தாராளமா படுக்கலாம்லா. இனிமே சீசனுக்கு நமக்கு இடப் பிரச்சினையே இல்ல" என்றார். நமக்காம்! என் வீட்டுக்காரரோ, "பதினஞ்சு என்னக்கா, நெருக்கிப் படுத்தா இருபது" என்று இளித்துக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு நிமிஷ நடை. என்னைக் கட்டிக் கொடுக்கும்போது என் அப்பா இதைப் பெரிய வசதியாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால்தான் அந்த வசதி என்னவென்று தெரியும். என் வீட்டுக்காரரின் சொந்தம் முழுக்க வேன் பிடித்து வந்து இறங்கும். தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். ஈரத்தோடு வந்து ஜன்னல் கம்பி, மாடிப்படி, என் ஸ்கூட்டர் என்று ஒரு இடம் விடாமல் துணியைக் காயப் போடுவார்கள். அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று எங்கள் பாத்ரூமில் இன்னொரு குளியல். வெள்ளம் அதிகமாகி அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டாலோ கேட்கவே வேண்டாம். மொத்தக் குளியலும் எங்கள் பாத்ரூமில்தான்.

தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, பொய். "அருவியில தண்ணி விழுதா?" என்று போன் வந்தால், "எங்கன விழுது? பாறைதான் தெரியுது. கைக்குட்டை நனையாது" என்பேன். பின்னால் அருவி இரைகிற சத்தம் போனில் கேட்டுவிடுமோ என்று பயந்து அடுப்படிக்குள் போய் நின்று பேசுவேன். முப்பது வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். இப்போது எல்லோர் போனிலும் அருவி வீடியோ வருகிறது. என் பொய்க்கு மரியாதை போய்விட்டது.

ஆகவே மாடிக்கு ஒரு குடும்பம் வந்தாக வேண்டும், அதுவும் சாரலுக்கு முன்னால். ஆனால் யோசித்தபோதுதான் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. குடி வருகிறவர்களுக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்களே? கீழே எங்கள் வேன், மேலே அவர்கள் வேன் என்றாகிவிட்டால் நான் எங்கே போவது?

விசாரிக்கிற வேலையை என் வீட்டுக்காரரிடம் கொடுக்க முடியாது. போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆனால் யாரையும் ஒரு கேள்வி கேட்கத் தெரியாது. ஸ்டேஷனில் பிடித்து வைத்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவன் குடும்பக் கஷ்டத்தை எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி வருத்தப்படுகிற ஜாதி. நான் அப்படி இல்லை. கணக்கு டீச்சராக இருந்தவள். உட்கார்ந்து ஒரு கேள்வித்தாளே தயாரித்தேன்.

சொந்த ஊர் எது? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? உங்கள் சொந்தத்தில் வேன் வைத்திருப்பவர் யாரும் உண்டா, உண்டு என்றால் எத்தனை சீட்? கடைசியாக எப்போது குற்றாலத்தில் குளித்தீர்கள், அன்று யார் வீட்டில் சாப்பிட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் மார்க் அதிகம். சிகரெட், தண்ணி, கறி சமைப்பது, நாய் வளர்ப்பது, என்ன ஆளுக என்பது எதையும் நான் கேட்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் அது ஆச்சரியம். "என்ன டீச்சர், முக்கியமானதெல்லாம் விட்டுட்டியளே" என்றார்கள். எனக்கு எது முக்கியம் என்று எனக்குத் தெரியாதா?

ஊர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். சுரண்டை, கடையநல்லூர், இலத்தூர் எல்லாம் நல்ல ஊர்கள். சாயங்காலம் பஸ் ஏறினால் வீட்டுக்குப் போய்விடலாம், ராத்தங்க மாட்டார்கள். மதுரை, ராஜபாளையம், சிவகாசி ஆபத்து. சென்னை என்றால் பத்து நாளைக்குக் குறையாது.

முதலில் வந்தவர் ராஜபாளையத்துக்காரர், பேங்கில் வேலை. வீட்டைப் பார்க்குமுன் மொட்டை மாடிக்கு ஏறி, மலையைப் பார்த்து, "ஆஹா, அருவி நடந்து போற தூரமா மேடம்?" என்றார். அதோடு அவர் கதை முடிந்தது. கேள்வித்தாளை வெளியே எடுக்கக்கூட இல்லை.

அடுத்து ஒரு கடையநல்லூர் அம்மா வந்தார். கணவர் துபாயில், இரண்டு பெண் பிள்ளைகள் தென்காசியில் படிக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்கென்று பதில். அப்பாடா என்று நான் சாவியை எடுக்கப் போகும்போது, "நான் ஒண்ணு கேக்கலாமா டீச்சர்? சீசனுக்கு உங்க வீட்டுக்கு எத்தனை பேரு வருவாக?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எங்க அக்கா வீட்ல ஒம்பது, சின்னக்கா வீட்ல ஏழு, சித்தப்பா பிள்ளைக ஆறு..." என்று விரல் மடக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு கையும் தீர்ந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தார். அந்த அம்மா எழுந்து, "பிள்ளைக படிக்கணும் டீச்சர், மன்னிச்சுக்கிடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். என் கேள்வித்தாளில் நானே பெயில்! அன்று முழுக்க என் வீட்டுக்காரரிடம் நான் பேசவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை.

வைகாசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். அவளுக்கு இருபத்துநாலு வயதிருக்கும், ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அவன் செல்போன் கடையில் ரிப்பேர் பார்க்கிறான். அவள் சுரண்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர், அவன் இலத்தூர். என் கணக்குப்படி இரண்டும் தங்கமான ஊர்கள்.

"சீசனுக்கு யாரு வருவாங்க?" என்றேன்.

"யாரும் வர மாட்டாங்கக்கா."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "அப்படிச் சொன்னா எப்படி? அம்மா, அப்பா, அக்கா, தங்கச்சி?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "எங்க கல்யாணத்துல ரெண்டு வீட்டுக்கும் இஷ்டமில்லக்கா. பேச்சுவார்த்தை கிடையாது. எங்க அப்பா, எம் பேரையே வீட்ல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக. யாரும் வர மாட்டாங்க" என்றாள்.

இதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. "ரொம்ப சந்தோஷம்" என்றேன். வாய் தவறி இல்லை, மனசாரச் சொன்னேன். முழு மார்க் வாங்கிய குடும்பம் நேரில் வந்து நிற்கிற குஷி எனக்கு. என் வீட்டுக்காரர் நாற்காலியில் நெளிந்தார்.

அவள் எழுந்து வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "அக்கா, எங்க அம்மா மட்டும் எப்பவாச்சும்... ஒரே ஒருத்தர் வந்தா?"

"ஒருத்தர் வந்தா பின்னாடியே ஒம்பது பேரு வருவாங்க. எனக்குத் தெரியாததா? கண்டிஷன்னா கண்டிஷன்தான்" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு சூட்கேஸ், படுக்கை. அதோடு ஒரு புதுத் தலையணை, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல். அதை மட்டும் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வைத்தாள். பூவாளி மாதிரி ஊரெல்லாம் நீர் தெளிக்கிற சாரல் மறுவாரம் ஆரம்பித்தது.

என் திட்டம் பலித்ததா என்று கேட்டால், பாதி பலித்தது. மாடியில் ஆள் இருக்கிறது என்றதும் மதினிக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் வேன் நிற்கவில்லை. ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அந்த இருபத்திரண்டு பேரையும் கீழேயே போட்டு அமுக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு நானே மாடிப்படி ஏறினேன். சீசனுக்கு ஆள் வரக்கூடாது என்று கண்டிஷன் போட்ட வீட்டுக்காரி, சீசனுக்கு வந்த ஆளுக்குப் பாய் கேட்டு வாடகைக்காரி வீட்டு வாசலில் நிற்கிறாள்!

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. பாய், போர்வை, தங்கள் தலையணை இரண்டு, எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தாள். "பாத்ரூமையும் வேணும்னா யூஸ் பண்ணிக்கிடச் சொல்லுங்கக்கா" என்றாள். நான் சும்மா வர வேண்டியதுதானே? அலமாரியைக் காட்டி, "அந்தப் புதுசையும் கொடேன்" என்றேன்.

"அது வேண்டாம்க்கா" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "அது எங்க அம்மாக்கு வாங்கினது. அவுகளுக்குக் கழுத்து வலி. உசரமான தலையணை ஆகாது."

வராத அம்மாவுக்குத் தலையணையா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கீழே இறங்கி வந்து, "கஞ்சப் பிசினாறி! ஒரு தலையணையைக் குடுக்க மனசில்ல" என்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்தேன். அவர், "நீ போட்ட கண்டிஷனைத்தான் அந்தப் பிள்ளை கட்டிக் காப்பாத்துது. தலையணை சும்மாதான கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அருவிக்குப் போன கூட்டம் திரும்பி வந்து, துவைத்து, அலசி, இரண்டாம் குளியலும் போட்டு டேங்கைச் சுத்தமாகக் காலி செய்திருந்தது. மோட்டார் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. நான் எல்லோரையும் திட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். கேட்டில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, தோளில் துண்டு. இன்னொரு சீசன் கேஸ் என்றுதான் நினைத்தேன்.

"யாரைப் பாக்கணும்?"

"இங்கன மாடியில ஒரு பிள்ளை... லேப்ல வேலை பாக்குதாமே" என்றார். குரலே வெளியே வரவில்லை.

அதற்குள் மாடியிலிருந்து அவள் ஓடி வந்தாள். ஓடி வந்தவள், அம்மாவிடம் போகாமல் நாலாவது படியில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். "அக்கா, ஒருத்தர்தான்க்கா. வேற யாரும் வரல. இப்பப் போயிருவாக" என்றாள்.

அவளைப் பெற்ற தாய் ஒரு வருஷத்துக்கு அப்புறம் கேட்டில் நிற்கிறார். இவள் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. "போட்டி, போய் உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போ" என்றேன். அவளை முதல் தடவையாக ஏட்டி, போட்டி என்று பேசுகிறேன் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

விஷயம் பின்னால்தான் தெரிந்தது. ஊரில் மகளிர் குழுப் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்துக் குற்றாலம் குளிக்க வந்திருக்கிறார்கள். இந்த அம்மாவும் குளிக்கத்தான் போகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மற்றவர்கள் அருவிக்குள் போனதும் குழுத் தலைவியிடம் மட்டும் காதில் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிட்டார். ஒரு மணிக்கு வேன் கிளம்பிவிடும்.

பன்னிரண்டரை வாக்கில் அந்தப் பிள்ளை பதறிக்கொண்டு கீழே வந்தாள். "அக்கா, ஒரு வாளித் தண்ணி கிடைக்குமா? அம்மா குளிக்காமலே வந்துட்டாக. தலை நனையாம போனா வேன்ல இருக்கவங்களுக்குத் தெரிஞ்சிரும். அப்பா காதுக்குப் போயிரும். அப்புறம் அம்மாவை எங்கயும் விட மாட்டாக." மேலே குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறதாம்.

அவள் வீட்டுத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தது யார்? என் வீட்டு வேன்! நான் நேராக எங்கள் பாத்ரூமுக்குப் போனேன். அங்கே மதினி கடைசியாக மிஞ்சிய தண்ணீரை இரண்டு வாளியில் பிடித்து வைத்துக்கொண்டு, துண்டும் கையுமாக உள்ளே நுழையப் போகிறார்.

"மதினி, நகருங்க."

"நான் இன்னும் குளிக்கலைலா!"

"நீங்க காலையில ஐந்தருவியில குளிச்சாச்சு, பத்து மணிக்கு இங்கன ஒரு தடவை குளிச்சாச்சு. எண்ணெய் போகலைன்னா போகாமலே இருக்கட்டும்" என்று இரண்டு வாளியையும் தூக்கிவிட்டேன். முப்பது வருஷம் தொண்டைக்குள் கிடந்த வார்த்தை அது. மதினி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் என்னிடமிருந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார்.

மேலே அந்தப் புதுத் தலையணை கவர் பிரித்துத் தரையில் கிடந்தது. நடுவில் தலை வைத்துப் படுத்த பள்ளம். அந்த அம்மா அதில் பத்து நிமிஷம் படுத்தாராம். மகள் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாளாம்.

"ஏட்டி, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி, எண்ணெயை எடு" என்றேன். குற்றாலத்தில் குளித்த தலை வெறுமே நனைந்தால் போதாது, எண்ணெய் வாசனையும் அடிக்க வேண்டும். மகள் எண்ணெய் வைத்தாள், நான் தண்ணீர் ஊற்றினேன். அருவி விழுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று உயரத் தூக்கி ஊற்றினேன். அந்த அம்மா குளிரில் வெடவெடத்துக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நல்லவேளை, எது தண்ணீர் எது கண்ணீர் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. சேலையும் நனைய வேண்டுமே என்று மஞ்சள் பையிலிருந்த மாற்றுச் சேலையைக் கட்டிவிட்டு, நனைந்ததைப் பிழிந்து பையில் வைத்தோம். கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு இடத்திலும் பிடி கிடைக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஏறும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிச்சதுல நல்ல சுகம் டீச்சர்" என்றார்.

அதற்கப்புறம் ஆவணியிலும் அந்த அம்மா இரண்டு தடவை வந்தார். "குற்றாலத்துத் தண்ணி கழுத்து வலிக்கு நல்லா கேக்குது" என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். இப்போது வேன் இல்லை, தனியாக பஸ்ஸில். ஒவ்வொரு தடவையும் ஈரத் தலையோடு அனுப்பி வைக்கிற பொறுப்பு என்னுடையது. கேள்வித்தாளை எடுத்து அடுப்புத் துடைக்க வைத்துக்கொண்டேன். நல்ல தடித்த பேப்பர்.

புரட்டாசியில் சாரல் நின்றுவிட்டது. மலை வெயிலில் காய்கிறது. அருவியில் பாறைதான் தெரிகிறது. சீசன் கடைக்காரர்கள் எல்லாம் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு மசக்கை. லேபுக்கு லீவு போட்டுவிட்டு மாடியில் சுருண்டு கிடக்கிறாள். நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த அம்மாவின் நம்பர்.

"டீச்சர், அருவியில தண்ணி விழுதான்னு இவுக கேக்காக. நான் சொன்னா நம்ப மாட்டேங்காக. இந்தா, நீங்களே கேளுங்க" என்று யாரிடமோ போனைக் கொடுப்பது கேட்டது.

கரகரவென்று ஒரு ஆண் குரல். "வணக்கம். அருவியில தண்ணி விழுதா?"

முப்பது வருஷமாக அருவி கொட்டும்போதெல்லாம் இல்லை என்றவள் நான். பாறை காய்ந்து கிடக்கிறது. அடுப்படிக்குள் நின்றுகொண்டு துணிந்து சொன்னேன். "கொட்டுது அண்ணாச்சி. மெயின் அருவியில பாதுகாப்பு ஆர்ச் வரைக்கும் விழுது. அக்காவை இன்னைக்கே அனுப்பி விடுங்க."

அவர் தொண்டையைச் செருமினார்.

"எங்க ஊரு பஸ் டிரைவர், நேத்தே தண்ணி நின்னுபோச்சுன்னு சொன்னான்" என்றார் மெதுவாக.

வகையாக மாட்டிக்கொண்டேன். என் வாயால் அந்தப் பிள்ளையின் வாழ்வில் மண் விழுந்தது என்றே நினைத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"அவளுக்கு உடம்புக்குச் சொகமில்லையாமே."

"மசக்கைதான் அண்ணாச்சி. பயப்பட ஒண்ணுமில்ல. புளிச்சோறு வேணும்னு கேட்டா, செஞ்சு குடுத்தேன்."

"ம்." மறுபடி செருமல். "உங்க வீட்ல ரெண்டு பேரு குளிக்கதுக்குத் தண்ணி இருக்குமா?"

"தாராளமா இருக்கு அண்ணாச்சி. கிளம்பி வாங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, நுரை கட்டி நின்ற ரசத்தை அப்படியே விட்டுவிட்டு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"ஏங்க, மோட்டாரைப் போடுங்க!"